இரண்டு பேருக்கான பை

ஆதிலட்சுமியின் தூண்டில் முள் சரோஜாவின் புடவையில் மாட்டிக்கொண்ட அன்றுதான், அவளுக்குத் தூண்டில் போடுகிற பழக்கம் உண்டென்பது திருவண்ணாமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முதன்முதலாக வெளியே தெரிந்தது.

1981, தை மாதம். ஆபரேட்டர்களின் ஓய்வறைச் சுவரில் வரிசையாக ஆணி அடித்திருக்கும். அவரவர் பை அவரவர் ஆணியில். சரோஜா தன் டிபன் பையை எடுக்கக் கையை நீட்டித் திரும்பியபோது, முந்தானையோடு பக்கத்து ஆணியில் இருந்த மஞ்சள் பையும் சேர்ந்து வந்தது. என்னவென்று தெரியாமல் அவள் வெடுக்கென்று இழுத்தாள்.

"ஐயையோ, இழுக்காத! அப்படியே நில்லு!" என்று ஆதிலட்சுமி ஓடி வந்தாள்.

பையின் துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டிய முள், சரோஜாவின் மெல்லிய வாயல் புடவையில் நன்றாக இறங்கியிருந்தது. தூண்டில் முள்ளுக்கு உள்ளே போகத்தான் தெரியும். திரும்பி வர அதன் நாக்கு விடாது. ஆதிலட்சுமி தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, ஊசி முனையால் ஒவ்வொரு இழையாக விலக்கி அதை எடுத்தாள். கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணி நேரமும் சரோஜா நின்றபடியே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தூண்டிலா? அக்கா, நீங்க மீன் புடிப்பீங்களா? நெஜமாவா?"

"மெதுவாப் பேசு. சூப்பர்வைசர் காதுல விழப்போவுது."

"விழட்டுமே! எங்க புடிப்பீங்க? யார் கூடப் போவீங்க?"

"செங்கம் ரோட்டுல, சமுத்திரம் ஏரியில. யார் கூடவும் இல்ல."

சரோஜாவுக்கு இருபத்தேழு வயது. வேலூர்க்காரி. கணவனுக்கு வேலூரில் வேலை. மாற்றலுக்கு எழுதிப் போட்டுவிட்டு, மூன்று வயது மகளோடு இங்கே காத்திருந்தாள். எதையும் சட்டென்று பேசிவிடுவாள். அன்றும் அப்படித்தான், கிழிந்த முந்தானையைக்கூடப் பொருட்படுத்தாமல் சொன்னாள்: "ஒரு நாள் என்னையும் கூட்டிட்டுப் போங்கக்கா. இந்த மாசம் நம்ம ரெண்டு பேருக்கும் புதன்கிழமைதானே லீவு? நான் வரேன். ஆனா மொதல்ல இந்தப் பையைத் தூக்கிப் போடுங்க. நல்லதா ஒண்ணு வாங்குங்க, இல்லன்னா ஒரு நாள் யார் கண்ணையாவது குத்திடும்."

சொல்லிவிட்டு அவள் சுவிட்ச் போர்டுக்குப் போய்விட்டாள். ஆதிலட்சுமி அந்த முள்ளைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

ஆதிலட்சுமிக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலையும் நெல்லும் போடுகிற குடும்பம். அப்பா திடீரென்று இறந்துபோனபோது அவளுக்கு இருபது வயது, தம்பிகள் இருவரும் பள்ளிக்கூடத்தில். அவளுக்குக் கிடைத்த வேலைதான் அவர்களைப் படிக்க வைத்தது, பிறகு கல்யாணம் செய்து வைத்தது. அவளுடைய கல்யாணத்தைப் பற்றி யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. வேண்டும் என்று யாரும் முன்னால் வந்து நிற்கவும் இல்லை. தம்பிகள் நல்லவர்கள்தான். தீபாவளிக்குக் கூப்பிடுவார்கள், போனால் தனி இலை போட்டு உட்கார வைப்பார்கள், மறுநாள் பஸ் ஏற்றி விடுவார்கள்.

அவள் குடியிருந்தது பேகோபுரத் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் பின்கட்டு. எக்ஸ்சேஞ்சில் நாள் முழுக்கக் காதில் பேச்சு. யாரோ யாருக்கோ பேசுவது. "மூணு நிமிஷம் முடிஞ்சுது, பேசறீங்களா?" என்று இடையில் கேட்பது மட்டும் அவள் பேச்சு. வேலை முடிந்து அறைக்கு வந்தால் ஒரு சத்தமும் கிடையாது. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடுமுறை நாளில், அறையில் இருக்கப் பிடிக்காமல் செங்கம் ரோட்டோடு நடந்து ஏரிக்கரைக்குப் போனாள். சின்ன வயதில் தம்பிகளோடு ஊர் ஏரியில் தூண்டில் போட்டவள்தான். அடுத்த வாரம் ஒரு முள்ளும் நைலான் நரம்பும் வாங்கிக்கொண்டு போனாள். பிறகு சில நாள் டியூட்டி முடிந்து நேராகவும் போனதால், பை எக்ஸ்சேஞ்சுக்கும் வந்தது.

மீனுக்காகப் போகவில்லை. வீட்டுக்காரம்மா ராஜம்மாள் சுத்த சைவம். மீன் வாடை வாசற்படி தாண்ட முடியாது. கிடைக்கிற கெண்டையையும் ஜிலேபி மீனையும் கரையில் புல் அறுக்கிற மணியம்மாளிடம் கொடுத்துவிடுவாள். மூங்கில் கழியும் மணியம்மாளின் குடிசைக் கூரை இறவாணத்தில்தான் செருகியிருக்கும். ஏரிக்கரையில் ஒரு பொம்பளை சும்மா உட்கார்ந்திருந்தால், என்ன ஆச்சு, ஏன் தனியா உட்கார்ந்திருக்கே என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் கேட்பார்கள். கையில் தூண்டில் இருந்தால் அப்படி யாரும் கேட்பதில்லை. "மாட்டுச்சா?" என்று மட்டும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம்.

இந்த எட்டு வருஷத்தில் நானும் வருகிறேன் என்று சொன்ன முதல் ஆள் சரோஜா.

மறுநாள் காலை ஆதிலட்சுமி பை வாங்கக் கிளம்பினாள். தேரடித் தெருவில் ஒரு பெரிய கடையில் ஏர்பேக் காட்டினார்கள். நீல நிறம், பளபளவென்று ஜிப். கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். உள் துணி வழவழவென்று மெல்லிசாக இருந்தது. ஒரே நாளில் முள் அதைக் கந்தலாக்கிவிடும். ஈரச் சாமானை வைத்து ஜிப்பை மூடினால் உள்ளேயே புழுங்கி நாறும். தோல் பை பார்த்தாள். காலியாக இருக்கும்போதே கனத்தது, மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும். தகரப் பெட்டி துருப்பிடிக்கும், நடக்கும்போது லொடலொடவென்று ஊரைக் கூப்பிடும். பிரம்புக்கூடை ஒன்று அழகாக இருந்தது. காற்றும் போகும், தண்ணீரும் வடியும். ஆனால் இண்டு இடுக்கில் எல்லாம் முள் மாட்டும், உள்ளே இருப்பது தெருவுக்கே தெரியும்.

"எதுக்கும்மா பை? ஊருக்குப் போறதுக்கா, காய்கறிக்கா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"ரெண்டுக்கும் இல்ல," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், லாரித் தார்ப்பாய் தைக்கிற வேடியப்பன் கூடாரம் போட்டு உட்கார்ந்திருப்பார். சைக்கிள் சீட்டு உறை, தபால்காரர் பை, எல்லாம் அவர் கைவேலை. காக்கி நிறத்தில் கெட்டியான தார்ப்பாய்த் துணி குவிந்து கிடந்தது. ஆதிலட்சுமி அதில் ஒரு நுனியை எடுத்து, கைப்பையில் இருந்த முள்ளால் கீறிப் பார்த்தாள். முள் வழுக்கியது. துணியில் கோடுகூட விழவில்லை.

"இதுல ஒரு பை தெச்சுத் தர முடியுங்களா?"

"தெக்கலாம்மா. இன்னா சாமான் வெக்கறதுக்கு? அத்தச் சொன்னாத்தான் தெக்க முடியும். நர்ஸம்மாவா நீங்க?"

ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "இல்லிங்க. தூண்டில் சாமான்," என்றாள்.

வேடியப்பனின் கையில் ஊசி நின்றது. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். சிரிக்கப் போகிறார் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"ஈரத்தோட வெப்பீங்களா, காய வெச்சு வெப்பீங்களா?" என்று கேட்டார்.

"வீட்டுக்கு வந்துதான் காய வெப்பேன்."

"அப்ப அடியில ரெக்சின் போட்டு, நாலு பித்தளைக் கண்ணு வெச்சுடலாம். தண்ணி வடிஞ்சுடும். நரம்பு, முள்ளு, ஈயக்குண்டு, தக்கை. வேற?"

"இரைக்கு ஒரு டப்பா. ஒரு சின்னக் கத்தி. துடைக்கத் துணி."

"ரொம்பப் பெருசா வேணாம்மா. எடம் இருந்தா சாமான் சேர்ந்துகினே போவும், அப்புறம் ஒண்ணுத்தத் தேடி ஒம்பது இழுத்துப் போடணும். கண்ண மூடிக்கினு கைய உட்டா வேணுங்கறது கையில வரணும்." சாக்கட்டியால் தரையில் ஒரு கட்டம் போட்டார். "ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா?"

ஆதிலட்சுமி குனிந்து அந்தக் கட்டத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கு," என்றாள்.

அவர் கட்டத்துக்கு நடுவில் ஒரு கோடு இழுத்தார்.

பை ஐந்து நாளில் வந்தது. தோளில் மாட்ட அகலப் பட்டை. நடுவில் ஒரு தடுப்பு, இரண்டு பக்கமும் மும்மூன்று அறை. முன்புறம் மடித்துப் பொத்தான் போடுகிற மூடி. பார்த்தால் மின்சாரவாரிய ஆள் கொண்டுபோகிற பை என்றுதான் நினைக்கத் தோன்றும். அன்று மதியம் அவளுக்கு வேலை இல்லை. அறையில் பாயை விரித்து, மஞ்சள் பையில் இருந்த எல்லாவற்றையும் கொட்டினாள்.

எட்டு வருஷத்துச் சிக்கல் அது. நரம்பில் முள்ளும், முள்ளில் துணியும், துணியில் காய்ந்த மாவுமாக ஒரே உருண்டை. வெட்டி எறிந்திருக்கலாம். அவள் எறியவில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக உட்கார்ந்து, பிரிக்க முடிந்ததை எல்லாம் பிரித்தாள். துருப்பிடித்த முள்ளை ஒதுக்கினாள். பழைய ரப்பர் செருப்பின் அடியை விரல் நீளத் துண்டுகளாக அறுத்தாள். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு முனையில் வெட்டு விட்டு நரம்பைச் சுற்றி, முள்ளை ரப்பரிலேயே குத்தி வைத்தாள். இனி அது யார் புடவையையும் தேடிப் போகாது. ஹோமியோபதி மாத்திரை வந்த சின்னக் குப்பிகளில் உதிரி முட்கள்: கெண்டைக்குச் சின்னது ஒன்றில், கெளுத்திக்குப் பெரியது ஒன்றில். பவுடர் டப்பாவில் ஈயக்குண்டு, நகராமல் இருக்கப் பஞ்சு வைத்து. மூடியில் ஆணியால் ஓட்டை போட்ட இன்னொரு டப்பா மண்புழுவுக்கு. கோதுமை மாவு உருண்டைக்கு எவர்சில்வர் சம்படம்.

இடது பக்கம் தன்னுடையது. அது சீக்கிரம் முடிந்துவிட்டது. வலது பக்கத்துக்குத்தான் அவள் நேரம் எடுத்துக்கொண்டாள். சரோஜாவுக்குப் பொறுமை கிடையாது. அதனால் சுலபமாகக் கண்ணில் படுகிற பெரிய தக்கை, மயிலிறகுக் காம்பில் செய்து, நுனியில் சிவப்பு நகப்பூச்சு தடவினாள். விரலைக் குத்தினாலும் உடனே வெளியே வரும்படி, இடுக்கியால் முள்ளின் நாக்கை நசுக்கினாள். மீன் தப்பினாலும் பரவாயில்லை. மூன்று நரம்பு ஆயத்தமாக முடிச்சுப் போட்டு வைத்தாள், ஒன்று அறுந்தால் அடுத்தது எடுக்க. ஒரு சின்னத் துண்டு, ஒரு பிளாஸ்திரி. மணியம்மாளிடம் இன்னொரு மூங்கில் கழியும் வெட்டி வைக்கச் சொல்லியாயிற்று. எல்லாம் வைத்து மூடிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டுப் பார்த்தாள். வலது பக்கம், இரண்டாவது அறை, சிவப்புத் தக்கை. சரியாகக் கையில் வந்தது. தனியாகவே சிரித்துக்கொண்டாள்.

முதல் புதன்கிழமை சரோஜாவின் மகளுக்குக் காய்ச்சல். இரண்டாவது புதனுக்கு அவள் கணவன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். "அடுத்த வாரம் கண்டிப்பா," என்று சரோஜா சொன்னாள். மூன்றாவது புதனுக்கு முதல் நாள், ஏழு மணிக்குச் செங்கம் ரோடு பஸ் நிறுத்தம் என்று ஆதிலட்சுமி இரண்டு தடவை சொன்னாள். சரோஜா போர்டில் யாருக்கோ இணைப்புப் போட்டபடியே தலையை ஆட்டினாள்.

ஆதிலட்சுமி ஆறே முக்காலுக்கே நிறுத்தத்தில் நின்றாள். இரண்டு பேருக்கு எலுமிச்சஞ்சாதம் கட்டியிருந்தாள். எட்டு மணி வரை பஸ் வரும் திசையைப் பார்த்தாள். எட்டரை வரை தெருவைப் பார்த்தாள். ஒன்பது மணிக்கு வெயில் ஏறிவிட்டது. ஏரிக்குப் போகாமல் அறைக்கே திரும்பி வந்தாள். குழந்தைக்கு மறுபடியும் உடம்பு சரியில்லையோ என்னவோ என்று அன்று முழுக்கக் கவலையாக இருந்தது.

வியாழக்கிழமை ஓய்வறைக்குள் நுழையும்போதே சிரிப்புச் சத்தம். முந்தின நாள் மேட்னி ஷோவுக்கு நான்கு ஆபரேட்டர்கள் சேர்ந்து போயிருக்கிறார்கள். கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவள் சரோஜா.

"அக்கா, நீங்களும் வந்திருக்கலாம். உங்களுக்கு சினிமா புடிக்காதுன்னுதான் கூப்புடல," என்றாள், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல்.

"ஆமா, எனக்குப் புடிக்காது," என்று ஆதிலட்சுமி ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

பங்குனி பிறந்தபோது சரோஜாவுக்கு வேலூர் மாற்றல் வந்துவிட்டது. எல்லோரும் சேர்ந்து பெயர் வெட்டிய எவர்சில்வர் குடம் வாங்கிக் கொடுத்தார்கள். போண்டா, காபி. கடைசியில் இரண்டு பேர் மட்டும் ஓய்வறையில் மிஞ்சினார்கள். சரோஜா ஆணியில் இருந்து தன் பையை எடுத்தாள். பக்கத்து ஆணியில் காக்கிப் பை.

"நல்ல பையா வாங்கிட்டீங்களே! நான் பார்க்கவே இல்ல," என்று மூடியைத் திறந்தாள். "அடேங்கப்பா, எவ்ளோ அறை! எல்லாம் ரெண்டு ரெண்டா இருக்குது?"

"அந்தப் பக்கம் உனக்கு."

"எனக்கா?"

"வரேன்னு சொன்னியே."

சரோஜா பையைப் பார்த்தாள். சிவப்புத் தக்கையை எடுத்து, திருப்பி, மறுபடி அதே அறையில் வைத்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கிவிட்டது. "சும்மா பேச்சுக்குச் சொன்னேங்க்கா. நீங்க இவ்ளோ... ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அன்னைக்கு பஸ் ஸ்டாப்புல காத்திருந்தீங்களா?"

"கொஞ்ச நேரம்தான்."

"நாளைக்குக் காலையில போலாமா? வெடிஞ்சதும் வரேன். ஒரு மணி நேரம் போதுமில்ல?"

"பத்து மணிக்கு லாரி வருதுன்னியே. சாமான் கட்டணும், கொழந்தையப் பார்க்கணும். வேணாம் சரோஜா. நீ போயிட்டு வா."

சரோஜா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். உண்மையான அழுகைதான். அதில் ஆதிலட்சுமிக்குச் சந்தேகம் இல்லை. அவளும் சரோஜாவின் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். அழுகை மட்டும் வரவில்லை.

அடுத்த விடுமுறைக்கு அவள் தனியாக ஏரிக்குப் போனாள். மணியம்மாள் இறவாணத்தில் இருந்து இரண்டு கழியையும் உருவிக் கொடுத்தாள்.

"இன்னாம்மா, அந்தம்மா இன்னிக்கும் வரலியா?"

"மாத்தலாகிப் போயிட்டாங்க." பிறகு என்ன தோன்றியதோ, "நீ ஒக்காரேன் மணியம்மா. இந்தக் கழி சும்மாதானே இருக்குது," என்றாள்.

மணியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நல்லாச் சொன்னீங்க போங்க. நான் குந்திக்கினா மாட்டுக்குப் புல்லு யாரு அறுக்கறது?" அரிவாளைத் தூக்கிக்கொண்டு கரையோடு போய்விட்டாள். வெகுதூரம் வரை அவள் பாட்டு கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை.

ஆதிலட்சுமி ஒரு தூண்டிலை மட்டும் போட்டாள். தக்கை அசையாமல் நின்றது. மடியில் பையை வைத்து வலது பக்கத்தைத் திறந்தாள். ஆயத்தமாக முடிச்சுப் போட்ட மூன்று நரம்பையும் இடது பக்கம் சேர்த்தாள். உதிரி முள்ளைத் தன் குப்பியில் கொட்டினாள். நாக்கு நசுக்கிய முட்கள் மீன் பிடிக்க உதவாது. அவற்றைத் தனியாக மடித்து அடியில் போட்டாள். காலியான அறைகளில் டிபன் டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் உட்கார்ந்தன. குடையைக்கூட மடித்துச் செருக முடிந்தது. இத்தனை நாளாக அவற்றைத் தனியாக இன்னொரு பையில் தூக்கி வந்துகொண்டிருந்தாள். இப்போது எல்லாம் ஒரே பையில் அடங்கிவிட்டது. அது வசதியாகத்தான் இருந்தது. அப்படி வசதியாக இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அன்று ஏரிக்கரையில் அழுதாள். யாரும் பார்க்கவில்லை. நடுவில் தக்கை ஒரு தடவை முழுகி எழுந்தது. அவள் இழுக்கவில்லை.

சித்திரையில் ஒரு நாள் மாலை நாலு மணி. வேலூர் லைனில் விளக்கு எரிந்தது.

"திருவண்ணாமலை? வேலூர் பேசறேன். நம்பர் டூ சிக்ஸ் கொடுங்க... ஐய்! அக்காவா?"

"நான்தான் சரோஜா. நல்லா இருக்கியா? கொழந்தை?"

"நல்லா இருக்கோங்க்கா. இங்க ஜாஸ்தி வேலை, மூச்சு விட முடியல. மீன் கெடைக்குதா?"

"போன வாரம் ஒரு விரால் மாட்டுச்சு. முழங்கை நீளம்."

"ஐயோ, நான் பார்க்கலியே! ஆனி மாசம் லீவு போட்டு வரேங்க்கா. அப்ப ஏரிக்குப் போலாம். இந்தத் தடவ சத்தியம்."

ஏரி இப்போதே பாதிக்கு மேல் வற்றி, கரையோரம் சேறு வெடித்திருந்தது. ஆனியில் அங்கே மாடு மேயும். ஆதிலட்சுமி அதைச் சொல்லவில்லை.

"வா," என்றாள். "டூ சிக்ஸ் தரேன், பேசச் சொல்லு."

வைகாசி முதல் வாரத்தோடு தண்ணீர் முட்டிக்குக் கீழே போய்விட்டது. ஒரு புதன்கிழமை மத்தியானம் அவள் பையை முழுவதும் காலி செய்து, கிணற்றடியில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கொடியில் கவிழ்த்தாள். பித்தளைக் கண்களை உப்பும் புளியும் வைத்துத் துலக்கினாள். அறைக்குள் உட்கார்ந்து முட்களுக்கெல்லாம் தேங்காய் எண்ணெய் தடவினாள்.

ராஜம்மாள் பின்வாசலில் நின்று பார்த்தாள். "ஆபீஸ் பையா ஆதி? நல்ல கெட்டியா இருக்கே. எங்க தெச்ச?"

"வேடியப்பன்கிட்டங்க. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல."

"எனக்கும் ஒண்ணு தெச்சுத் தரச் சொல்லேன், காசிக்குப் போறதுக்கு."

"சொல்றங்க. என்னென்ன சாமான் வெப்பீங்கன்னு கேப்பாரு. யோசிச்சு வெச்சுக்கோங்க."

பை காய மாலை வரை ஆனது. நரம்பை வலதில், முள் குப்பிகளை இடதில், ஈயத்தை நடுவில் அடியில் என்று வைத்தாள். பூச்சி வராமல் இருக்க ஒரு கை வேப்பிலையை மேலே போட்டாள். பொத்தானை மாட்டி, அலமாரிக்கு மேல் ஏற்றி வைத்துவிட்டு, மறுநாள் டியூட்டிக்குக் கட்டப் புடவையை எடுத்து வைத்தாள். ஐப்பசி மழைக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது.